விக்கலுக்கு ஒரு புள்ளி

எங்கள் வார்டில் ஒரு தாள் உண்டு. எட்டு வரி, எட்டுக் கட்டம். கண் சிவப்பு, விழுங்கச் சிரமம், ஊசி குத்திய இடத்தில் ரத்தக் கசிவு, மூச்சு வாங்கல், சிறுநீர் குறைவு, புத்தித் தடுமாற்றம், நாற்பத்தைந்துக்கு மேல் வயது, விக்கல். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. இந்த ரத்தக்கசிவுக் காய்ச்சலில் யார் தேறுவார், யார் தேற மாட்டார் என்பதற்கு, முதலில் வந்த அறுபது நோயாளிகளின் குறிப்புகளை வைத்து எங்கள் பெரிய டாக்டரம்மா போட்ட கணக்கு அது. மூன்று புள்ளிக்குள் இருந்தால் பெரும்பாலும் சொந்தக் காலில் நடந்து வீட்டுக்குப் போவார்கள். ஐந்தைத் தொட்டால் பத்தில் ஒருவர் மிஞ்சினால் பெரிது. எட்டிலும் மோசமானது விக்கல். பார்க்க அற்பமாக இருக்கும். அது வந்தவர்களில் இதுவரை ஒருவரைக்கூட நாங்கள் வீட்டுக்கு அனுப்பியதில்லை.

உள்ளே போன காகிதம் வெளியே வரக்கூடாது என்பது சட்டம். அதனால் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, பாதுகாப்பு உடுப்பும் முகக்கவசமுமாக நான் கண்ணாடித் தடுப்புக்கு உள்பக்கம் நின்று ஒவ்வொரு கட்டிலுக்கும் புள்ளிகளை உரக்கப் படிப்பேன். வெளிப்பக்கம் பதிவேட்டுக்காரர் உட்கார்ந்து எழுதிக்கொள்வார். அந்த உடுப்புக்குள் முக்கால் மணி நேரம்தான் இருக்கலாம். அதற்கு மேல் போனால் பூட்ஸுக்குள் வியர்வை குளம் கட்டிவிடும், தலை கிறுகிறுக்கும், வாயில் நல்ல வார்த்தை வராது. எனக்கு வெளியிலேயே சுமாராகத்தான் வரும்.

இன்னொரு விதியும் இருந்தது. ஐந்து புள்ளி ஆனதும், வேலியோரம் நிற்கும் வீட்டாரிடம் நிலைமையைச் சொல்லிவிட்டு, நோயாளியின் கையில் ஃபோனைக் கொடுக்க வேண்டும். வார்டுக்கு ஒரே ஃபோன். பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும், ஒவ்வொரு தடவையும் குளோரின் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசாமல் யாரும் போய்ச் சேரக்கூடாது என்று டாக்டரம்மா கொண்டுவந்த ஏற்பாடு. நல்ல மனசோடு செய்ததுதான். நானும் நல்ல விஷயம் என்றுதான் தலையாட்டினேன்.

ஆனால் படுத்துக் கிடப்பவர்களுக்கு எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதை விட்டால் வேறு என்ன வேலை? எட்டுக் கட்டமெல்லாம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஃபோன் எந்தக் கட்டிலுக்குப் போகிறதோ அந்தக் கட்டில் இரண்டு நாளில் காலி. இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். “டிக்கெட் வந்தாச்சு” என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இத்தனைக்கும் ஃபோன் வாங்கிய பதினொரு பேரில் ஒரு தையல்கார அம்மா பிழைத்து வீட்டுக்குப் போனார். அவர் போனதைப் பார்த்தவர்கள் எல்லோரும் அதற்குள் ஏதோ ஒரு வழியில் வார்டை விட்டுப் போய்விட்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்த கணக்கில் பதினொன்றுக்குப் பதினொன்று.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நான்காம் கட்டில்காரரிடம் ஃபோனை நீட்டியபோதுதான் தெரிந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்து நான்கு, ஒரு வருடத்தில் ஒரு புள்ளி தப்பித்தவர். பெரிய கட்டடம் ஒன்றில் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் காய்ச்சல்காரர் ஒருவர் மயங்கிக் கிடந்திருக்கிறார். இவர்தான் தோளில் போட்டு வெளியே தூக்கியிருக்கிறார். “நான் அவரக் கீழ இறக்கிவிட்டேன் சிஸ்டர். ஆனா அவரு மேல போயிட்டாரு. நம்ம கையில என்ன இருக்கு, எந்த பட்டன அமுக்கணும்னு அவங்கவங்க முடிவு,” என்பார். சிரிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே முகக்கவசத்துக்குள் சிரிப்பேன்.

அவர் மனைவி ஓர் அச்சகத்தில் புத்தகம் கட்டும் வேலை பார்த்தார். விரல் நுனியெல்லாம் காய்ந்த பசை. வேலைக்குப் போகும்போதும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் வேலியோரம் வந்து நிற்பார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

“அவர் குரல ஒரு தடவ கேக்கணும் சிஸ்டர். எங்க வீட்டுக் குழாய் மூணு மாசமா சொட்டுது. ஊரு பூரா லிஃப்ட் ரிப்பேர் பாக்குற மனுஷன் அதுக்கு ஒரு வாஷர் மாத்தல. அன்னைக்குக் காய்ச்சல்னு படுத்திருந்தாரு. சாக்குச் சொல்றாருன்னு நெனச்சு வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். மீதிய சாயங்காலம் வச்சுக்கலாம்னு வேலைக்குப் போனேன். அதுக்குள்ள ஆம்புலன்ஸ் வந்து கூட்டிட்டுப் போயிருச்சு.”

எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் கணவருக்கு அன்று ஒரு புள்ளிகூட இல்லை. விதிப்படி ஃபோன் கிடையாது. மூன்று நிமிஷத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நானாகவே எடுத்துக்கொண்டு போனேன்.

வார்டு சட்டென்று அடங்கியது. பக்கத்துக் கட்டிலில் முனகிக்கொண்டிருந்தவர்கூட முனகலை நிறுத்திவிட்டார். மெக்கானிக் ஃபோனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சிஸ்டர், அத எடுத்துட்டுப் போங்க.”

“உங்க வீட்டுக்காரம்மா வெளிய நிக்கிறாங்கண்ணே. சும்மா ரெண்டு வார்த்த பேசுங்க.”

“எனக்கு இன்னும் நேரம் வரல. எடுத்துட்டுப் போங்கன்னா போங்க.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று மாலை ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கட்டிலுக்கடியில் இருந்த வாளியில் ஊற்றியிருந்தார். மறுநாளும் குடிக்கவில்லை. டிரிப்ஸ் ஏற்றினோம். ஆனால் இந்தக் காய்ச்சலில் வாயால் குடிப்பவன் பாதி பிழைத்தவன், டிரிப்ஸ் மீதிக்குத்தான். சிறுநீர் குறைந்தது. கட்டத்தில் ஒரு புள்ளியைப் போட்டுவிட்டு நான் படித்தேன். பதிவேட்டுக்காரர் எழுதினார். அந்தப் புள்ளியை நோய் கொடுக்கவில்லை, நான் கொடுத்தேன். வெளியே வந்து உடுப்பைக் கழற்றும்போது என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

வேலியோரம் அவர் மனைவியிடம், “இன்னும் கொஞ்சம் தேறட்டும்னு சொல்றாருக்கா” என்றேன்.

“கோவமா இருக்காரு,” என்றார் அவர். “எனக்குத் தெரியும். குழாய்க் கோவம்.”

நேராக டாக்டரம்மா அறைக்குப் போனேன்.

“மேடம், ஃபோன இனிமே எல்லாருக்கும் குடுக்கணும். வந்த அன்னைக்கே. தெனமும்.”

“ஒவ்வொருத்தருக்கும் மூணு நிமிஷம்னா உங்க முக்கா மணி நேரம் அதுலயே போயிரும். ஏன், என்ன ஆச்சு?”

நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“நம்ம எட்டுக் கட்டத்துல ஃபோன் கிடையாதே.”

“நம்ம தாள்ல இல்ல. அவங்க தாள்ல அது ஒண்ணுதான் மேடம் இருக்கு.”

கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, ஃபோனுக்கென்றே மதியம் தனியாக ஒரு முறை உள்ளே போக அனுமதி கொடுத்தார். போவது நான்தான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் ஒருவரும் தொடவில்லை. முதல் கட்டில்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். இரண்டாம் கட்டில் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு ஏழாம் கட்டிலை விட்டால் வேறு வழி இல்லை. அங்கே ஒரு லாரி டிரைவர். மீசை என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். காய்ச்சல் விட்டு மூன்று நாள் ஆகிறது, ரத்தப் பரிசோதனையும் சரி, மறுநாள் வீட்டுக்குப் போகிறவர்.

“நாளைக்குப் போறவனுக்கு எதுக்கு சிஸ்டர் இந்தச் சனியன்?”

“நாளைக்குப் போறதாலதான் கேக்குறேன். நீங்க பேசினா இவங்கெல்லாம் பேசுவாங்க. லாரிய மட்டுந்தான் தைரியமா ஓட்டுவீங்களா?”

அது வேலை செய்தது. ஸ்பீக்கரைப் போட்டு, அவர் தம்பியைப் பிடித்து மூன்று நிமிஷம் விளாசினார். வண்டியைக் கழுவினாயா, டயருக்குக் காற்றுப் பார்த்தாயா, நான் இல்லை என்றதும் குளிர் விட்டுப் போச்சா. வார்டே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. மறுநாள் மதியம், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மீசை புதுச் சட்டையோடு நடந்து வெளியே போனார். கதவருகே நின்று நான்காம் கட்டிலைப் பார்த்து, “டிக்கெட்டு வாங்கியும் வண்டி ஏறல பாருண்ணே” என்றார்.

அன்றைக்கே மெக்கானிக் கையை நீட்டினார். அவர் மனைவி வேலியோரம் நின்றபடி தன் ஃபோனை எடுத்தார். கண்ணீரும் கம்பலையுமாகப் பேசப் போகிறார்கள் என்று நான் நினைத்தேன். எடுத்த எடுப்பில் குழாய்தான். விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள். நான்கு நாள், தினம் மூன்று நிமிஷம், தவணை முறையில் சண்டை. மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கும்போது இதைக் கேட்டுக் குழாய்க்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். ஃபோன் வெறும் ஃபோன் ஆனது. மெக்கானிக் மறுபடியும் குடித்தார், குவளை குவளையாக.

ஆனால் நோய் அதன் போக்கில் போனது. கண் சிவந்தது. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. விழுங்கும்போது முகம் கோணியது, இருந்தும் விழுங்கினார். இரண்டு, மூன்று, நான்கு என்று நான் படித்துக்கொண்டே வந்தேன். அவர் வந்த எட்டாம் நாள் காலை மூச்சு வாங்கியது. அதோடு அவர் நெஞ்சு ஒரு தடவை தூக்கிப்போட்டது.

“விக்கல்,” என்றார் சந்தோஷமாக. “காலைலேர்ந்து வருது சிஸ்டர். வீட்டுல நெனைக்கிறா போல. வெளிய திட்டுவா, உள்ளுக்குள்ள இப்படித்தான்.”

“ஆமாண்ணே,” என்றேன். கண்ணாடித் தடுப்புக்குப் போய்ப் படித்தேன். “நாலாம் நம்பர். மூச்சு வாங்கல் ஒண்ணு. விக்கல் ஒண்ணு. மொத்தம் ஆறு.”

பதிவேட்டுக்காரரின் பேனா நின்றது. “டாக்டரம்மா தலைமை ஆபீசுக்குப் போயிருக்காங்க. சாயங்காலம்தான் வருவாங்க. அந்தம்மா வெளியதான் நிக்கிறாங்க. யார் சொல்றது?”

“நான் சொல்றேன்.”

சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். ஐந்து ஆனதுமே சொல்ல வேண்டும் என்ற விதி அப்படியேதான் இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மதியம் ஃபோனில் இந்தக் குரல் உடைந்தால் மெக்கானிக் கண்டுபிடித்துவிடுவார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். குடிப்பதை நிறுத்திவிடுவார். விக்கலுக்கு இதுவரை யாரும் தப்பவில்லைதான், ஆனாலும் ஐந்தைத் தொட்டவர்களில் பத்தில் ஒருவர் பிழைக்கிறாரே, அந்த ஒருவராக இவர் ஏன் இருக்கக்கூடாது? இதெல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் என் தலைக்குள் ஓடியது.

“எப்படி இருக்காரு சிஸ்டர்?”

“தண்ணி நல்லா குடிக்கிறாருக்கா. நேத்து மாதிரிதான்.”

முதல் வாக்கியம் உண்மை.

மதியம் ஃபோனை மெக்கானிக்கின் காதருகே பிடித்துக்கொண்டேன். அவருக்குக் கையில் பிடிக்கத் தெம்பு இல்லை. ஸ்பீக்கர் போட்டிருந்தது.

“ஏங்க, குழாய் இப்ப சொட்டல,” என்றது அந்தப் பக்கக் குரல்.

“சரியாப் போச்சா?”

“ஓடுது. பக்கெட் வச்சிருக்கேன்.”

“மேல் அலமாரில பிஸ்கட் டப்பா இருக்கும். அதுல வாஷர்…” விக்கல் வந்தது.

“டப்பாவெல்லாம் தொறந்து பாத்தாச்சு. துருப்பிடிச்ச திருகாணி, தீர்ந்துபோன பேட்டரி. ஊருல இருக்குற லிஃப்டுக்கெல்லாம் வாஷர் இருக்கு, என் குழாய்க்கு மட்டும் இல்ல.”

“லிஃப்டுக்கு ஏதுடி வாஷர்.” மறுபடி விக்கல்.

“என்ன இப்படி விக்குது?”

“நீ நெனைக்கிறேல்ல, அதான்.”

“நான்தான் பேசிட்டே இருக்கேனே, அப்புறம் தனியா வேற நெனைக்கணுமா? இது வேற எவளோ. யாருன்னு கேட்டு வைங்க சிஸ்டர்.”

வார்டு சிரித்தது. அவரும் சிரித்தார். சிரிப்பும் விக்கலும் கலந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் தோள் குலுங்கியது. நான் சிரிக்கவில்லை. முகக்கவசம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

“வந்து மாத்தித் தர்றேன்,” என்றார்.

“வாங்க, வந்தப்புறம் வச்சுக்கறேன். மொதல்ல தண்ணியக் குடிங்க.”

மூன்று நிமிஷம் முடிந்தது. அவர் ஒரு முழுக் குவளை குடித்தார். கால் மணி நேரம் பிடித்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்குச் செத்துப்போனார். வேலியோரம் டாக்டரம்மா சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் மனைவி டாக்டரம்மாவைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

“நேத்து உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவர் திரும்பி நடந்தார். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இறந்தவர் வீட்டாருக்கு விதிக்கும் இருபத்தொரு நாள் கண்காணிப்பு முடிந்த பிறகு, இறப்புச் சான்றிதழ் வாங்க அவர் மறுபடி வந்தார். கொடுக்க அது ஒன்றுதான் இருந்தது. துணிமணி, கைக்கடிகாரம் எல்லாம் எரித்தாகிவிட்டது. பதிவேட்டுக்காரர் முத்திரை குத்திக்கொண்டிருக்கும்போது நான் அந்த அறைக்குள் வந்துவிட்டேன். ஒளியத் தோன்றியது, ஆனால் ஒளியவில்லை.

“அந்த விக்கல்தானா சிஸ்டர்?”

“அது ஒண்ணு மட்டும் இல்லக்கா. ஆனா, ஆமா. அது வந்தா கஷ்டம்.”

“நான் அதக் கேட்டுக் கிண்டல் பண்ணேன்.”

“அவர் சிரிச்சாரு. அப்புறம் ஒரு குவளை தண்ணி குடிச்சாரு.” இதை எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று இருபத்தொரு நாளாக வைத்திருந்தேன். “உங்ககிட்ட முன்னாடியே சொன்னா நீங்க அழுதிருப்பீங்க. அவரு பயந்து குடிக்கிறத நிறுத்தியிருப்பாரு. அதான்க்கா சொல்லல.”

அவர் சான்றிதழை நான்காக மடித்தார். புத்தகம் கட்டுகிறவர் மடிப்பு, ஓரம் ஓரத்தோடு சரியாகச் சேர்ந்தது.

“பத்தொம்பது வருஷம் அவரோட குடும்பம் நடத்தியிருக்கேன். எங்கம்மா போனத அவருக்குக் காய்ச்சல்னு ரெண்டு நாள் சொல்லாம மூஞ்சியச் சிரிச்ச மாதிரி வச்சுக்கிட்டுச் சமைச்சுப் போட்டவ நான். எனக்கு நடிக்க வராதுன்னு நீங்களா எப்படி முடிவு பண்ணீங்க?”

நான் மேஜைமேல் இருந்த மைப்பெட்டியை மூடினேன்.

“நீங்க சொல்லியிருந்தாலும் அதே சண்டையத்தான் போட்டிருப்பேன் சிஸ்டர். குழாய், டப்பா, எல்லாம் அப்படியே. ஆனா தெரிஞ்சு போட்டிருப்பேன்.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பையில் சான்றிதழை வைத்துக்கொண்டு, பதிவேட்டுக்காரருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டரம்மா இப்போது அந்தத் தாளின் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ‘வீட்டாரிடம் சொல்லப்பட்டதா?’ அதற்குப் புள்ளி கிடையாது. அந்தக் கட்டம் நிரம்பாமல் பதிவேட்டுக்காரர் அடுத்த கட்டிலுக்குப் போவதில்லை.

போன வாரம் ஓர் அப்பாவிடம் சொன்னேன். இரண்டாம் கட்டிலில் அவருடைய மகள், ஐந்து புள்ளி. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்தார், தொண்டையை இரண்டு தடவை கனைத்துப் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்து, என் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்துத் தொலைத்தாய் என்று மகளை அதட்டினார்.